வாராக்கடனில் போட்ட பணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் தேவகோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. டல்லாஸில் வேலை பார்க்கும் என் மகளும் மருமகனும் இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவணை நின்றுபோன இரண்டு வீட்டுக் கடன்களை ‘மார்ட்கேஜ் நோட்’ என்ற பெயரில் விலைக்கு வாங்கினார்கள். ஒஹையோ மாநிலத்து வீட்டின் மீது 62,000 டாலர் அசல் பாக்கி. அதை 34,000 டாலருக்கு வாங்கினார்களாம். ஆறு மாதத்தில் கடனாளி ‘சேப்டர் 13’ என்ற திவால் மனுவைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மகள் போனில் பேசும்போதெல்லாம் அழுகிறாள். இண்டியானாவில் உள்ள மற்றொரு வீட்டை, வரி பாக்கிக்காகக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகம் ஏலம் விட்டதாகவும் சென்ற மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது. என் ஓய்வூதியப் பணமான 25 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை உடைத்து அனுப்பலாமா?

பதில்: வைப்புத்தொகையை இப்போது உடைக்க வேண்டாம், அம்மா. உங்கள் மகள் அழுவது திவால் மனுவை நினைத்து என்று தெரிகிறது. எனக்குக் கவலை தருவது அதுவன்று. நீங்கள் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன வரி ஏலக் கடிதம்தான்.

அவர்கள் வாங்கியது வீடு அன்று, கடன் கொடுத்தவருடைய இடம். அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது இரண்டு தாள்கள்: பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கடனாளி கையெழுத்திட்ட புரோநோட்டு ஒன்று, அந்த வாக்குக்கு வீட்டைப் பிணையாக்கும் அடமானப் பத்திரம் மற்றொன்று. கடன் கைமாறும்போது புரோநோட்டின் பின்புறத்திலோ அதனுடன் இணைத்த தாளிலோ மாற்றுக் கையெழுத்து விழ வேண்டும். அடமானப் பத்திரத்தின் மாற்று கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் ஏற வேண்டும். கடன் நாலு கை மாறி வந்திருந்தால் நாலு மாற்றும் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று விடுபட்டிருந்தாலும், நீதிமன்றத்தில் நின்று ‘இது என் கடன்’ என்று நிலைநாட்ட முடியாமல் வழக்கு தள்ளுபடியாகலாம். நம்மூரில் தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி பார்ப்பது போன்றதுதான் இது. அந்தக் கட்டு முழுமையாகக் கையில் இருக்கிறதா என்று மகளிடம் இன்றே கேளுங்கள்.

62,000 டாலர் கடன் 34,000 டாலருக்குக் கிடைத்தது என்றால் பாதி விலைக்கு வந்த சரக்கு என்று தோன்றும். அந்தத் தள்ளுபடி இனாமாக வந்ததன்று. காத்திருக்கும் காலம், வக்கீல் கட்டணம், வீட்டு வரி, காப்பீடு, இவற்றுக்கெல்லாம் ஈடாகத்தான் விற்றவர் விலையைக் குறைத்திருக்கிறார். உங்கள் பிள்ளைகள் இருக்கும் டெக்சாஸில் அடமான வீடுகளை நீதிமன்றத்துக்குப் போகாமலேயே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையில் ஏலம் விடுவார்கள்; அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லா மாநிலமும் அப்படித்தான் என்று தோன்றும். ஒஹையோவிலும் இண்டியானாவிலும் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கித்தான் ஏலத்துக்குப் போக முடியும். நாடு முழுவதற்குமான விதிப்படியே, குடியிருக்கும் வீடாக இருந்தால், தவணை தவறி 120 நாள் கடக்காமல் அந்த நடவடிக்கையைத் தொடங்கவும் கூடாது.

இனித் திவால் மனு. சேப்டர் 13 என்பது கடனை அழிக்கும் மனு அன்று. நிலையான வருமானம் உள்ள ஒருவர், வீட்டைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் நிலுவையை அடைக்கும் திட்டம் ஒன்றை நீதிமன்றத்தில் கொடுக்கிறார். மனு தாக்கலான நொடியிலிருந்து வசூல் நடவடிக்கை எல்லாம் தானாகவே நின்றுவிடும். அதனால் உங்கள் பிள்ளைகள் கடனாளியை நேரில் கூப்பிட்டுப் பணம் கேட்கவே கூடாது, கேட்டால் குற்றம் அவர்கள் மேல் வரும். ஆனால் அடுத்த பகுதியைக் கவனியுங்கள். குடியிருக்கும் வீட்டின் மேல் மட்டும் உள்ள முதல் அடமானத்தின் நிபந்தனைகளை இந்தத் திட்டத்தில் பொதுவாக மாற்ற முடியாது. பழைய நிலுவை, திட்டப் பணத்தை வாங்கிப் பங்கிட்டுத் தரும் டிரஸ்டி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும். மனுவுக்குப் பிந்தைய மாதத் தவணையும் தவறாமல் வர வேண்டும். ஒரு டாலரும் கட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்த கடனாளி, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கட்டத் தொடங்குகிறார் என்பதே இதன் பொருள். இந்தத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் சேப்டர் 13 மனுவைக் கண்டு கலங்குவதில்லை.

ஒன்று மட்டும் நடந்திருக்க வேண்டும். மனு தாக்கலான 70 நாளுக்குள் கடன் கொடுத்தவர் தம் பாக்கியைக் கணக்கோடு நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கடனை நிர்வகிக்கும் ‘சர்வீசர்’ நிறுவனம் அதைப் பதிவு செய்ததா, செய்ததென்றால் யார் பெயரில் செய்தது என்று கேட்கச் சொல்லுங்கள். தவறியிருந்தாலும் வீட்டின் மீதுள்ள அடமானம் போய்விடாது. திட்டத்தின் வழியே வர வேண்டிய நிலுவைதான் சிக்கலாகும், அதற்குத் திவால் வழக்குகளைப் பார்க்கும் வக்கீலைப் பிடிக்க வேண்டும். மனுவுக்குப் பிந்தைய தவணையும் வரவில்லையென்றால், தடையை நீக்கித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்க வழி இருக்கிறது.

இண்டியானா வீட்டில்தான் பணம் முழுவதும் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு வரி பாக்கி முதல் அடமானத்துக்கும் முன்னால் நிற்கும். வரி ஏலத்தில் எடுத்தவர், பாக்கியைக் கட்டி வீட்டை மீட்க விட்டிருக்கும் மீட்புக் காலம் முடிந்து, வீட்டுக்கு உரிமை தரும் வரிப் பத்திரம் பெற்றுவிட்டால், உங்கள் மகளின் அடமானம் துடைத்தெறியப்படும். கையில் புரோநோட்டுத் தாள் மட்டுமே மிஞ்சும். இண்டியானாவில் மீட்புக் காலம் பொதுவாக ஏல நாளிலிருந்து ஓர் ஆண்டு. சில வகை ஏலங்களில் அதைவிடக் குறைவு. அடமானதாரர் என்ற முறையில் மகளே அந்தப் பணத்தைக் கட்டி மீட்கலாம். கட்டிய தொகையைப் பத்திரத்தின் நிபந்தனைப்படி கடனாளியின் பாக்கியோடு சேர்த்துக்கொள்ளவும் பெரும்பாலும் இடமிருக்கும். ஆகவே இந்த வாரமே கவுண்டி அலுவலகத்தில் மீட்புத் தொகையையும் கடைசித் தேதியையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அதைக் கட்டுவதற்குத்தான் முதல் பணம் போக வேண்டும். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் அதைத் திரட்ட உங்கள் 25 லட்சம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

நீங்களே இங்கிருந்து பணம் அனுப்பி அப்படிப்பட்ட ஒரு கடனில் பங்கு வாங்குவது வேறு வகையிலும் தவறு. ஓர் ஆண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் கொடுத்தாலும், 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கடன் பத்திரங்களில் அந்த முதலீட்டை அனுமதிப்பதில்லை. மகளுக்கு அன்பளிப்பாக அனுப்புவது வேறு விஷயம். அதற்கும் உங்கள் வங்கியில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. என் பாட்டனார் பர்மாவில் மோல்மேனில் ஒரு வட்டிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். கடை தள்ளாடும்போது அவர்கள் முதலில் செய்தது, பற்று வரவு நிலையைக் காட்டும் ஐந்தொகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பற்றின் எதிரிலும் ‘வரும்’, ‘பாதி வரும்’, ‘வராது’ என்று மனம் ஒப்பி எழுதுவது. மகளும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வாங்கிய விலை, இதுவரை செலவு, இனி வரும் செலவு, வீட்டின் இன்றைய விலை, கடைசியில் கைக்கு வரக்கூடியது என்று இரண்டு கடனுக்கும் தனித்தனியே எழுதட்டும். இழப்பு எவ்வளவு என்று தெரியாதவரைதான் அழுகை அடங்காது. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் உங்கள் பணம் தேவை என்று அவர்கள் சொன்னால், அப்போது மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.

*

கேள்வி: நம்மூர் வங்கிகளின் வாராக்கடன்களை இதேபோல் தனி மனிதர் தள்ளுபடி விலைக்கு வாங்க முடியுமா? வாங்கித் தருவதாக ஒருவர் என்னை அணுகியிருக்கிறார். (காரைக்குடி வாசகர்)

பதில்: முடியாது. வங்கிக் கடன்களை வாங்குவோர், வங்கிகளின் கடன் வசூலுக்கான 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களும், ரிசர்வ் வங்கி அனுமதித்த பிற நிதி நிறுவனங்களுமே. நமக்குத் திறந்திருப்பது, கடனுக்குப் பிணையாக இருந்த சொத்தை வங்கி ஏலம் விடும்போது கேட்பது மட்டும்தான். அணுகியவருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

*

கேள்வி: காரைக்குடியில் ஒரு வீட்டை வங்கி ஏலத்தில் எடுத்து 25 சதவீதம் கட்டிவிட்டேன். கடனாளி மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறார். வீட்டில் குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கிறார். வங்கியில் கேட்டால் ‘அடையாள சுவாதீனம்’ (தாளில் மட்டும் கைப்பற்றியது) மட்டும்தான் எடுத்திருக்கிறோம் என்கிறார்கள். மீதியைக் கட்டலாமா, விட்டுவிடலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். ஏலம் உறுதியான நாளிலிருந்து 15 நாளுக்குள் மீதி 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். வங்கியும் நீங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதை மூன்று மாதம் வரை நீட்டலாம். வாய்ப்பேச்சாக மேலாளர் ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்றால் அது நீட்டிப்பு ஆகாது. கெடு தவறினால் கட்டிய பணம் பறிமுதலாகும். தீர்ப்பாயம் தடை ஏதும் கொடுத்திருக்கிறதா, வெறும் மனுதான் நிலுவையில் இருக்கிறதா என்று ஆணையின் நகலை வாங்கிப் பாருங்கள். தடை இருந்தால், அந்த வழக்கில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டு, பணம் கட்டும் கெடுவைப் பற்றியும் அங்கேயே உத்தரவு கேளுங்கள். மனு மட்டும்தான் என்றால் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

கடனாளி இப்போது முழுப் பணத்தையும் கொண்டுவந்து கட்டி வீட்டை மீட்டுவிடுவாரோ என்ற பயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. 2016இல் சர்ஃபேசி சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் அவருக்கு அந்த உரிமை. ஆனால் கடனைக் கட்டச் சொல்லும் 60 நாள் அறிவிப்பு, 30 நாள் ஏல அறிவிப்பு ஆகியவற்றில் வங்கி எங்கேனும் தவறியிருந்தால் ஏலமே ரத்தாகலாம். ஆகவே வங்கி அனுப்பிய அறிவிப்புகளின் நகல்களை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். குடியிருப்பவர், அடமானத்துக்கு முன்பே முறையான வாடகை ஒப்பந்தம் இருந்ததென்று காட்டினால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வாயால் சொன்னால் போதாது. சுவாதீனத்தை வாங்கித் தரச் சொல்லி வங்கிதான் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுச் செய்ய வேண்டும். அதைச் செய்யும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள்.

2012இல் நானும் இப்படி ஒரு வீட்டை எடுத்து இதே இடத்தில் நின்றேன். விற்பனைச் சான்றிதழ் கையில் இருந்தது, சாவி இல்லை. ஒரு நாள் மாலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனேன். கதவில் ஒட்டிய அறிவிப்பு மழையில் ஊறிப் பாதி உரிந்திருந்தது, மைதாப் பசையின் வெள்ளைத் தடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. உள்ளே தாளிக்கும் வாசனை. கதவைத் திறந்த அம்மா, ‘நீங்கதான் எடுத்தீகளா? வாங்க, உக்காருங்க’ என்று சொல்லி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் மனதில் தயாரித்து வைத்திருந்த ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை. பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, அது முடியும்வரை பொறுக்க முடியுமா என்று மட்டும்தான் அவர் கேட்டார். ஒன்றரை ஆண்டு வக்கீல் வழியாக அறிவிப்புகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு முறை நேரில் போயிருந்தால் இந்தக் கேள்வி முதல் மாதமே என் காதில் விழுந்திருக்கும். தேர்வு முடியும்வரை பொறுத்தேன். சாமான் ஏற்றும் வண்டிச் செலவையும் புது வீட்டு முன்பணத்தில் ஒரு பகுதியையும் கொடுத்தேன். பிறகு சாவி வந்தது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், ஒரு முறை போய் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பேசி முடிவானதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒரு செலவை மறந்துவிட வேண்டாம். ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையில் எடுத்த வீட்டுக்குச் சொத்து வரி பாக்கி உங்கள் தலையில் வரலாம். பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைக் கேட்டுப் புது இணைப்பை மறுக்க மின்வாரியத்துக்கு வழி உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மீதியைக் கட்டுவதற்கு முன் இரண்டையும் விசாரித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பழைய வளவு வீட்டில் ஒரு பங்காளியின் பாகத்தை மட்டும் கடனுக்காக விற்கிறார்கள். தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையுமாக அருமையான வீடு. வாங்கலாமா?

பதில்: நீங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்லையென்றால், வேண்டாம் என்பேன். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியார் ஒருவர் ஒரு பங்கை வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அதில் குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, குடும்பத்தார் உங்கள் பங்கை மதிப்பிட்ட விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். நம் பக்கத்து வீடுகளில் ஒரு முகப்பில் முப்பது புள்ளிகளுக்கு (மணமான குடும்பங்களுக்கு) பங்கு இருக்கும். பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஒரு ஓட்டை மாற்றக்கூட எல்லோரையும் கேட்க வேண்டும். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து முழு வீட்டையும் விற்கிறார்கள் என்றால் மறுபடியும் எழுதுங்கள்.

*

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில், பர்மாவின் பெகு பகுதி வயல்களின் மேல் எழுதிய அடமானப் பத்திரங்களும் புரோநோட்டுகளுமாக ஒரு கட்டு இருக்கிறது. எல்லாம் 1928 முதல் 1936 வரையிலானவை. இவற்றுக்கு இன்று மதிப்பு உண்டா? ‘நம்மிடம் அத்தனை நிலம் இருந்தது’ என்று ஐயா சொல்லிக்கொண்டே இருப்பார்.

பதில்: வசூலிக்கும் மதிப்பு இல்லை. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது அடைபட்ட கணக்குகள் அவை. 1948இல் பர்மா விடுதலை பெற்ற அதே ஆண்டில் நில தேசியமயச் சட்டம் வந்துவிட்டது. 

உங்கள் ஐயா சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த நிலம் வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1930இல் கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம்தான். 1938இல் அது 25 சதவீதம், சுமார் 25 லட்சம் ஏக்கர். அந்த எட்டு ஆண்டில் யாரும் மூட்டை மூட்டையாகப் பணம் கொண்டுபோய் வயல் வாங்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, உழவரால் வட்டி கட்ட முடியவில்லை, அடமானத்தில் இருந்த வயல் கடையின் கணக்கில் வந்து விழுந்தது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் கேட்டது வட்டி. வந்தது விற்க முடியாத நிலம். எல்லாக் கடனுக்கும் ஒரே வகைப் பிணை, எல்லாம் ஒரே விளைபொருளின் விலையை நம்பியது. அதனால் ஒன்று சரிந்தபோது மற்றொன்று தாங்கவில்லை. நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கோபமும் நியாயமானது. இதை நம் வீடுகளில் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். மேலே தேவகோட்டை அம்மாவின் கேள்வியைப் படித்தபோது எனக்கு உங்கள் கட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

பத்திரங்களைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். லேமினேஷன் செய்யவும் வேண்டாம், தாள் கெட்டுவிடும். கட்டை அவிழ்ப்பதற்கு முன் எந்தத் தாள் எதற்கு அடியில் இருந்தது என்று தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நம் கோட்டையூரில் ஒருவர் சேர்த்த நூல்களைக் கொண்டு சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டால், இப்படிப்பட்ட ஆவணங்களை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்வார்கள். கட்டில் ஐந்தொகைத் தாள்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பழைய கடைக் கணக்கு எழுத்து எனக்குப் படிக்க வரும்; பள்ளத்தூருக்கு வந்து, உங்களோடு உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.